ஸ்கர்ட்டிங், நிலைப்பட்டை, கார்னிஸ்: உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும், எப்போது முடிவெடுக்க வேண்டும்

டைல்ஸ் போட்டாகிவிட்டது, பட்டி பார்த்தாகிவிட்டது, பெயிண்டர் வரப்போகிறார். பெரும்பாலான வீடுகளில் அப்போதுதான் "கார்னிஸ் வைக்கலாமா, சுவரில் மோல்டிங் ஓட்டலாமா" என்ற பேச்சே எழுகிறது. அதற்குள் பாதி முடிவுகள் நம்மைக் கேட்காமலே எடுக்கப்பட்டிருக்கும். ஸ்கர்ட்டிங் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது பூச்சு நாளிலேயே முடிவாகிவிடும். கதவு நிலையைச் சுற்றிப் பட்டை அடிக்க இடம் இருக்கிறதா என்பது கட்டுவேலையின் போதே முடிவாகிவிடும். கடை கேட்டலாக்கில் இருப்பது மீதிதான்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், ஃபிளாட் வாங்கி உள்வேலை செய்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் வரும் வெடிப்பை மூடத்தான் இந்தப் பட்டைகள் எல்லாம். தரையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் ஸ்கர்ட்டிங், நிலை மரமும் பூச்சும் சந்திக்கும் இடத்தில் நிலைப்பட்டை, சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் கார்னிஸ். மூட ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்தால் அது அலங்காரம் மட்டுமே. அலங்காரம் தவறில்லை. ஆனால் அதற்கான பணம் கடைசியில் ஒதுக்க வேண்டியது.

1. கேட்டலாக்கைத் திறக்கும் முன் நிலையைப் பாருங்கள்

நம் ஊர் வீட்டில் முதலில் நிற்கும் மரம் கதவு நிலை. கனமானதும் அதுதான், பிறகு மாற்ற முடியாததும் அதுதான். ஆகவே மற்றப் பட்டைகள் அதற்குக் கட்டுப்பட்டவை. வாசல் நிலை மட்டும் செதுக்கு வேலையோடு இருந்து, அறை நிலைகள் சதுரமாக இருந்தால், வீட்டின் பாணியை அறை நிலைகளே சொல்கின்றன.

அறை நிலைகள் விளிம்பில் வளைவே இல்லாமல் சதுரமாக இருந்தால், பட்டையும் சதுரமாக, மெல்லியதாக இருக்கட்டும். அந்த வீட்டில் பூவேலை கார்னிஸ் இரவல் நகை போலத் தெரியும். நிலையின் உள்விளிம்பில் குழியோ உருளை வளைவோ ஓடினால், அதே வளைவைப் பட்டையிலும் ஒருமுறை திருப்பிக் காட்டலாம். ஒருமுறை போதும்.

செட்டிநாட்டுப் பாணியில், பழைய தேக்கு நிலைகளைக் காரைக்குடிப் பக்கமிருந்து வாங்கிப் பொருத்தியிருக்கிறீர்களா? அவற்றைச் சுற்றி எதுவும் வைக்காதீர்கள். நிலையே அகலமாக, வேலைப்பாட்டோடு இருக்கும். பூச்சை நிலையின் ஓரம்வரை கொண்டுவந்து, 6 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு கீறி நிறுத்தச் சொல்லுங்கள். வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும்.

சென்னையில் 1930, 40களில் கட்டிய ஆர்ட் டெக்கோ வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள், கூரையோரத்தில் படிப்படியாக இறங்கும் சிமெண்ட் கோடுகள் இருந்தால் உடைக்க வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடவும் வேண்டாம். பல பூச்சு பெயிண்டால் மழுங்கிப்போன விளிம்பைச் சுரண்டி எடுத்தாலே போதும். மெட்ராஸ் டெரஸ் கூரை (மர விட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) உள்ள வீடுகளில் தேக்கு விட்டங்கள் வெளியே தெரியும். அங்கே கார்னிஸுக்கு வேலையே இல்லை, விட்டத்துக்கு விட்டம் அது உடையும்.

2. உயரத்தை அளந்து எழுதுங்கள்

தரை டைல்ஸின் மேலிருந்து கூரையின் அடிவரை, ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலைகளிலும் அளங்கள். "பத்து அடி" என்று பில்டர் சொல்வது பெரும்பாலும் தளத்திலிருந்து தளம். கூரைக் காங்கிரீட், தரைப் படுகை, டைல்ஸ் போக மீதி 9 முதல் 9½ அடியாக இருக்கும். ஃபால்ஸ் சீலிங் 6 அங்குலம் இறங்கினால் 9 அடிக்கும் கீழே போய்விடலாம்.

9½ அடிவரை உள்ள அறைக்கு 3 முதல் 4 அங்குல ஸ்கர்ட்டிங், 2 முதல் 2½ அங்குல நிலைப்பட்டை. கார்னிஸ் வைத்தே ஆகவேண்டும் என்றால் சுவரில் 3 அங்குலத்துக்கு மேல் இறங்காதது. 11 அடிக்கு மேல் உள்ள பழைய வீட்டில் 5, 6 அங்குல ஸ்கர்ட்டிங்கும் 5 அங்குல கார்னிஸும் தாங்கும். 9 அடிக்குக் கீழே கார்னிஸை மறந்துவிடுங்கள்.

மூலைக்கு மூலை உயரம் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் குறித்துவையுங்கள். 10 மி.மீ.க்கு மேல் போனால், நேரான கார்னிஸ் அந்தக் கோணலை எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும். அடுத்து, அண்ணாந்து பீமைப் பாருங்கள். 9 அங்குல பீம் 4½ அங்குலச் சுவர்மேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் வெளியே துருத்தும். நான்கு சுவரில் இரண்டில் பீம் துருத்தினால், கார்னிஸ் கோடு அறையைச் சுற்றி ஒரே மட்டத்தில் வராது. இதைக் கவனிக்காமல் பொருளை வாங்கிவிட்டுப் பிறகு முழிப்பது சகஜம்.

3. ஸ்கர்ட்டிங்: பூச்சுக்கு முன் சொல்ல வேண்டியது

நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறோம். ஆகவே தரைத்தளத்தில் மர ஸ்கர்ட்டிங்கும், எந்தத் தளத்திலும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கர்ட்டிங்கும் வேண்டாம். எம்டிஎஃப் அடியில் ஈரம் ஏறி உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. மரத்துக்கு ஈரம் போதாதென்று கரையானும் உண்டு. டைல்ஸ், கிரானைட், ரெட் ஆக்சைடு ஆகிய மூன்றில் தரை எதுவோ அதுவே ஸ்கர்ட்டிங். மரத் தரை போட்ட படுக்கையறைக்கு மட்டும் பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்).

சுவரோடு சமமாக உட்காரும் ஸ்கர்ட்டிங் வேண்டுமென்றால் பூச்சுக் கொத்தனாரிடம் முன்பே சொல்லுங்கள். முடிந்த தரைக்கு மேல் 4 அங்குலம் பூச்சு இல்லாமல் விட வேண்டும். டைல்ஸும் கலவைப் படுகையும் சேர்ந்து 2 அங்குலம் என்றால், காங்கிரீட் தளத்திலிருந்து 6 அங்குலத்தில் பூச்சு நிற்க வேண்டும். இந்த 2 அங்குலத்தை மறந்து தளத்திலிருந்து 4 அங்குலம் மட்டும் விட்டுவிடுவார்கள். தரை போட்டபின் பார்த்தால் 2 அங்குல இடம்தான் இருக்கும், கட்டர் வைத்து அறுக்க வேண்டிவரும். தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம். சுவருக்குள் தாழ்வாக ஓடும் ஒயரிங் பைப் அறுபட்டால் செலவு வேறு.

பூச்சின்மேலேயே ஒட்டினால் ஸ்கர்ட்டிங் வெளியே நீட்டும். 9 மி.மீ. டைல்ஸும் 3 மி.மீ. பசையும் சேர்ந்தால் 12 மி.மீ. சிமெண்ட் பால் வைத்து ஒட்டினால் 15 முதல் 20 மி.மீ. வரை போகும். பீரோவும் கட்டிலும் சுவரோடு ஒட்டி நிற்காது. ஒட்டடையும் தூசியும் அந்த விளிம்பில் படியும். அதோடு நிலைப்பட்டையைவிட ஸ்கர்ட்டிங் தடிமனாகிவிடும். அது ஏன் சிக்கல் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

இனி வெட்டுக் கணக்கு. 600×600 மி.மீ. டைல்ஸில் 100 மி.மீ. துண்டு ஆறு வரும் என்று எல்லோரும் கணக்கிடுவார்கள். கட்டர் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் 2 முதல் 3 மி.மீ. தின்னும். ஆறு துண்டு வேண்டுமானால் உயரம் 97 மி.மீ. 100 மி.மீ.தான் வேண்டும் என்று நின்றால் ஐந்து துண்டுதான், மீதி 85 மி.மீ. குப்பை. பூச்சில் 4 அங்குலம் விட்டு 97 மி.மீ. துண்டு வைத்தால் மேலே மெல்லிய இடைவெளி வரும், அதைப் பட்டியால் நிரப்பலாம். 12×12 அடி அறைக்குச் சுற்றளவு 48 அடி. கதவு 3 அடி போக 45 அடி, அதாவது 600 மி.மீ. துண்டுகள் 23. நான்கு டைல்ஸில் 24 துண்டு வந்தாலும் ஐந்து எடுத்துவையுங்கள், மூலையில் உடையும்.

வெட்டிய விளிம்பு எந்தப் பக்கம் வருகிறது என்று டைல்ஸ்காரர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒரு டைல்ஸிலிருந்து வரும் ஆறு துண்டுகளில் ஓரத்து இரண்டுக்கு மட்டுமே நீளவாக்கில் கம்பெனி விளிம்பு இருக்கும். நடு நான்குக்கு இரண்டு பக்கமும் கட்டர் விளிம்பு. மேற்பரப்பில் மட்டும் டிசைன் உள்ள கிளேஸ்டு டைல்ஸாக இருந்தால் வெட்டிய இடத்தில் உள்ளே இருக்கும் வேறு நிறம் தெரியும். சமமாக உட்காரும் ஸ்கர்ட்டிங்கில் இது மறைந்துவிடும். வெளியே நீட்டினால் மேல் விளிம்பைப் பாலிஷ் செய்யவும் சரித்துத் தேய்க்கவும் ரன்னிங் அடிக்குத் தனிக் கூலி உண்டு. கொட்டேஷனில் அது இருக்காது.

துண்டுகளைத் தரைக்கு வாங்கிய அதே பேட்ச் பெட்டிகளிலிருந்தே வெட்டுங்கள். பெட்டியின் பக்கத்தில் ஷேடு எண் அச்சிட்டிருக்கும், அதைப் போட்டோ எடுத்துவையுங்கள். பிறகு நான்கு டைல்ஸ் குறைகிறது என்று போய் வாங்கினால் நிறம் ஒத்துவருவது அதிர்ஷ்டம்.

ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டில் செய்யும் சிமெண்ட் டைல்ஸ்) தரைக்கு அதே பட்டறையில் ஓரக் கற்களைச் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். கையால் செய்த கல் என்பதால் தடிமன் முக்கால் அங்குலம் அளவில் இருக்கும். சுவருக்குள் இறக்காமல் அதை ஒட்டினால் அசிங்கம். ரெட் ஆக்சைடு தரையில் தரையும் சுவரும் சேரும் மூலையை உருட்டிவிடச் சொல்லுங்கள், துடைப்பம் தங்காமல் போகும்.

4. நிலைப்பட்டை: எந்தப் பக்கம், எத்தனை பக்கம்

கடையில் ஆர்க்கிட்ரேவ் என்று கேட்டால் கிடைக்கும். மரம் வேனிலில் சுருங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் விரியும், பூச்சு அசையாது. நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு வராத வீடு அபூர்வம். உண்மையில் தேவைப்படும் பட்டை இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிலையின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர் மூலைக்கு 2 அங்குலம்தான் இருந்தால், 3 அங்குலப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் சீவி ஒட்டுவார்கள். கதவு கோணலாகத் தெரியும். வரைபடக் கட்டத்தில் இருக்கிறவர்கள், மூலையிலிருந்து நிலைக்குக் குறைந்தது 4 அங்குலம், முடிந்தால் 6 அங்குலம் கட்டுவேலை விடச் சொல்லுங்கள். சுவிட்ச் பெட்டியும் நிலையிலிருந்து 6 அங்குலம் தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து, எத்தனை பக்கம். 4½ அங்குலச் சுவர் இரு பக்கப் பூச்சோடு ஏறக்குறைய 5½ அங்குலம். நிலை 4 அங்குலம் என்றால் ஒரு பக்கம் மட்டுமே சுவரோடு சமமாக இருக்கும். மறுபக்கம் நிலை உள்ளே போய், பூச்சு மடங்கி வரும். 9 அங்குலச் சுவரில் அந்த மடிப்பு இன்னும் ஆழம். சமமான பக்கத்துக்குத்தான் பட்டை. மடிப்புப் பக்கத்தில் மரமும் பூச்சும் சேரும் மூலையில் முக்கால் அங்குலக் கால்வட்டப் பீடிங் (மெல்லிய மரக்குச்சி) போதும். "எல்லாக் கதவுக்கும் இரண்டு பக்கமும்" என்று கொட்டேஷன் வந்தால், வீட்டைச் சுற்றிவந்து எண்ணிப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

பட்டையை நிலையின் உள்விளிம்போடு சமமாக அடிக்கக் கூடாது. 5 மி.மீ. மரம் தெரியும்படி பின்தள்ளி அடிக்க வேண்டும். கீல் உருளைக்கு இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். ஒரு மி.மீ. கோணல் இருந்தாலும் சமமான விளிம்பில் அது கண்ணைக் குத்தும் என்பது இன்னொன்று.

பட்டை எப்போதும் ஸ்கர்ட்டிங்கைவிடத் தடிமன். ஸ்கர்ட்டிங் வந்து பட்டையின் பக்கத்தில் முட்டி அடங்க வேண்டும். 12 மி.மீ. ஸ்கர்ட்டிங்குக்கு 18 மி.மீ. பட்டை சரி. 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கர்ட்டிங்குக்கு அருகே 15 மி.மீ. பட்டை வந்தால், டைல்ஸின் வெட்டு முனை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? பட்டையின் அடியில் 25 மி.மீ. தடிமன், 5 அங்குல உயரத்தில் ஒரு கட்டை வைத்து, அதன்மேல் பட்டையை நிறுத்துங்கள். பார்வைக்கும் அது திட்டமிட்டது போலவே இருக்கும்.

குளியலறைக் கதவின் உள்பக்கம் மரப்பட்டை வேண்டாம். அங்கே டைல்ஸே நிலைவரை வரட்டும். பில்டர் லேமினேட் ஒட்டிய தயார் கதவுத் தொகுதி போட்டிருந்தால், அதனோடு வரும் பட்டையை மாற்ற முயல வேண்டாம். நிலையின் காடியில் (நீளப் பள்ளத்தில்) செருகும் வகை அது, வேறெதுவும் உட்காராது.

5. கார்னிஸ்: பெரும்பாலும் வேண்டாம்

எங்கள் கருத்து இது. மூன்று படி, நான்கு குழி உள்ள கார்னிஸ் மின்விசிறி கிளப்பும் தூசியை எல்லாம் பிடித்துவைக்கும். போகிக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் அதன் விலை தெரியும். வேண்டுமென்றால் ஒரே வளைவு உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள தளத்தில் கூடுதல் எச்சரிக்கை. வெயிலில் கூரைக் காங்கிரீட் விரிந்து சுருங்குவதால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கிடைமட்ட வெடிப்பு வரும். அதை மறைக்கக் கார்னிஸ் ஒட்டினால் கார்னிஸ் வெடிக்கும். சுவரோடு மட்டும் ஒட்டி, கூரைப் பக்கம் 3 மி.மீ. விட்டு அக்ரிலிக் சீலண்ட் அடைப்பது ஒரு வழி. கூரையடியில் 10 மி.மீ. காடி விட்டு, ஒன்றுமே வைக்காமல் இருப்பது அதைவிட நல்ல வழி. மாடியில் நீர்க்கசிவு தடுப்பு வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போகட்டும். கார்னிஸ் செய்யும் பிஓபியும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஜிப்சமும் ஈரம் பட்டால் மஞ்சள் கறை பிடித்து உதிரும்.

ஸ்பிளிட் ஏசி வரும் சுவரை முன்பே குறியுங்கள். உள்பெட்டியின் மேல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும், அது கார்னிஸின் அடியிலிருந்து அளக்க வேண்டியது. பரணும் திரைச்சீலைப் பெட்டியும் அப்படியே. கார்னிஸ் எங்கே முடிகிறது என்பதை வரையாமல் வேலை தொடங்கினால், பரணின் ஓரத்தில் அது பாதியில் அறுந்து நிற்கும்.

6. சுவரில் சட்டம் சட்டமாக மோல்டிங்

சுவரில் மெல்லிய பட்டைகளைச் செவ்வகச் சட்டங்களாக ஒட்டுவது: இப்போது ஃபிளாட்டுகளில் பரவலாகக் கேட்கப்படுவது இது. மறைக்க எந்த வெடிப்பும் இல்லாத இடம், முழுக்க அலங்காரம். ஆகவே ஒரு சுவர், அதிகம் போனால் ஒரு அறை. சதுர நிலையும் சமமான ஸ்கர்ட்டிங்கும் உள்ள வீட்டில் 20 மி.மீ. அகல வெற்றுப் பட்டை ஒட்டினால் பொருந்தும். வளைவு மேல் வளைவு உள்ளது பொருந்தாது.

கணக்கு எளிது. 12 அடிச் சுவர் 144 அங்குலம். மூன்று சட்டம் என்றால் நடுவிலும் ஓரத்திலும் சேர்த்து நான்கு இடைவெளி. ஒவ்வொன்றும் 4 அங்குலம் என்றால் 16. மீதி 128ஐ மூன்றால் வகுத்தால் சட்டத்துக்கு 42⅔ அங்குலம். ஆனால் இந்தக் கணக்கைச் சுவிட்ச் பெட்டியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சுவிட்ச் 4 அடியில் இருந்தால் 3 அடிக்குள் முடியும் கீழ்ச்சட்டத்தை அது தொடாது. கட்டில் பக்கத்து பிளக் 2 அடியில் இருக்கும், அது சட்டத்தின் கோட்டிலேயே விழும். பெட்டி சட்டத்துக்கு உள்ளே முழுதாகவோ வெளியே முழுதாகவோ இருக்கும்படி இடைவெளியை 3 அல்லது 5 அங்குலமாக மாற்றிப் பாருங்கள். பெயிண்டர் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். டேப் விலை சொற்பம்.

7. எந்தப் பொருள் எங்கே

வார்னிஷ் அடித்து மர நிறம் தெரிய வேண்டும் என்றால் மட்டும் தேக்கு. பெயிண்ட் அடித்து மூடப்போகிற பட்டைக்குத் தேக்கு வாங்குவது காசைக் கரியாக்குவது. தேக்கு நிலை, அதைச் சுற்றி வேறு மரம் என்றால் பாலிஷ் நிறம் ஒட்டாது. அதே மரம் கிடைக்காவிட்டால் பட்டையைச் சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிடுவது நேர்மையாக இருக்கும்.

பெயிண்ட் அடிக்கும் நிலைப்பட்டைக்கு மாடி அறைகளில் எம்டிஎஃப் சரி. அறுத்த முனைகளிலும் பின்பக்கத்திலும் ப்ரைமர் அடித்து, தரையிலிருந்து 3 மி.மீ. தூக்கிப் பொருத்த வேண்டும். பாலிஸ்டைரின் பட்டை எடை இல்லாதது, விலையும் தாழ்வு, ஸ்டூல் இடித்தாலே நசுங்கும். கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதைச் சிந்தெடிக் ரப்பர் பசையால் ஒட்டக் கூடாது, பசையில் உள்ள கரைப்பான் பட்டையையே கரைத்துவிடும். நீர் கலந்த பசையைக் கேளுங்கள். பியு (பாலியூரிதேன்) கார்னிஸ் உறுதி, விளிம்பு கூர்மை, விலையும் அதற்கேற்ப.

பிவிசி நீளும். 3 மீட்டர் துண்டு 15 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. மாறும். மேற்குச் சுவரில் இரு முனையும் இறுகப் பொருத்தினால் மத்தியானத்தில் வில்லாக வளைந்து நிற்கும். கடலோர வீடுகளில் ஆணியும் திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண ஆணியின் தலைக்குமேல் அடைத்த பட்டியையும் மீறித் துருக்கறை வெளியே வரும்.

8. அளவெடுத்து ஆர்டர் கொடுப்பது

பட்டைகள் பெரும்பாலும் 8 அடி நீளத்தில் வருகின்றன, சில 9½ அடி. ரன்னிங் அடிக் கணக்கில் ஆர்டர் கொடுக்காதீர்கள், துண்டுக் கணக்கில் கொடுங்கள். 3×7 அடிக் கதவுக்கு 3 அங்குலப் பட்டை என்றால் இரண்டு கால்களும் தலா 7¼ அடி, தலை 3½ அடி. 8 அடித் துண்டு ஒரு காலுக்கு ஒன்று. தலை இரண்டு ஒரு துண்டில் வரும். ஆக ஒரு பக்கத்துக்கு இரண்டரைத் துண்டு, இரண்டு பக்கத்துக்கு ஐந்து. அளவு 36 அடிதான், வாங்குவது 40 அடி.

சுவர்ச் சட்டத்தில் சேதாரம் இதைவிட அதிகம். மேலே சொன்ன 42⅔ அங்குலச் சட்டங்களை 24 அங்குல உயரத்தில் மூன்று செய்ய 33⅓ அடி வேண்டும். நீளத் துண்டுகள் ஆறுக்கு மூன்று பட்டை, குட்டைத் துண்டுகள் ஆறுக்கு இரண்டு பட்டை, மொத்தம் 40 அடி. "10 சதவீதம் சேதாரம்" என்று போட்ட கொட்டேஷன் இங்கே போதாது, 20 ஆகிவிடுகிறது.

தேக்கை ஆசாரி மூலம் இழைத்துச் செய்தால் விலை கன அடியில். அகலம் அங்குலத்தில், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுங்கள். 3×1 அங்குலம், 18 அடி என்றால் 0.375 கன அடி. இரண்டு பக்கமும் என்றால் முக்கால் கன அடி. கவனிக்க: 1 அங்குலம் என்பது இழைப்பதற்கு முன். இழைத்தபின் முக்கால் அங்குலம்தான் மிஞ்சும். காசு 1 அங்குலத்துக்கே. அது நியாயம்தான், ஆனால் தெரிந்து கொடுங்கள். வெடிப்பு, முடிச்சு கழிக்க 15 முதல் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூலைகள் 90 டிகிரி என்று நம்ப வேண்டாம். ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வராத மூலையில் 45 டிகிரி வெட்டு சேராது, பட்டியை அப்பி அடைப்பார்கள். மூலைமட்டத்தோடு அங்கேயே நின்று வெட்டச் சொல்லுங்கள். நீளவாக்கில் இரண்டு துண்டு சேருமிடத்தில் நேர்வெட்டு வேண்டாம், சாய்வெட்டு. சுருங்கினாலும் இடைவெளி தெரியாது.

9. கொட்டேஷன், அனுமதி, ரசீது

ஒரே "கார்னிஸ் வேலை"க்கு இரண்டு பேர் சொல்லும் ரேட் இரட்டிப்பாக வேறுபடக் காரணம், எதெல்லாம் சேர்ந்தது என்பதுதான். எழுத்தில் கேளுங்கள்: பட்டையின் மாடல் எண், பொருள், இழைத்தபின் உள்ள அளவு. ரன்னிங் அடி என்பது சுவர் நீளமா, வாங்கிய பொருளின் நீளமா? மூலை வெட்டுக்குத் தனிக் கூலி உண்டா? இணைப்பு அடைப்பு, ப்ரைமர், இரண்டு கோட் பெயிண்ட் யார் பொறுப்பு? ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா? அடிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 அடிச் சுவருக்கு 20,000. பொருளின் நீளத்தில் அளந்தால் 20 சதவீதச் சேதாரமும் உங்கள் தலையில், 24,000.

ஒரு அடி மாதிரித் துண்டை வாங்கி, பின்பக்கம் இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலாக் படத்தைவிட அது பலமான ஆவணம். அடுக்குமாடியில் சங்கத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வேலை நேரம், லிஃப்டில் 8 அடித் துண்டு ஏறுமா, குப்பைக்கு டெபாசிட் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். பில்டரின் ஒயரிங் வரைபடத்தையும், பூச்சுக்கு முன் எடுத்த சுவர்ப் படங்களையும் வேலையாள் கையில் கொடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் டிரில் போடக் கூடாது. எடை குறைந்த கல் (ஏஏசி பிளாக்) சுவராக இருந்தால், திருகைப் பிடிக்க அதற்கென்று உள்ள சுவர்ப் பிளக்கை வாங்கச் சொல்லுங்கள், சாதாரண சுவர்ப் பிளக் கழன்று வரும்.

முன்பணம் பொருளுக்கு மட்டும். மர டிப்போ ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

10. வேலை வரிசை

தரை, ஃபால்ஸ் சீலிங், ஸ்கர்ட்டிங், முதல் கோட் பட்டி, கார்னிஸ், ப்ரைமர், பெயிண்ட் முதல் கோட், நிலைப்பட்டை, மர பாலிஷ், கடைசிக் கோட் பெயிண்ட். நிலைப்பட்டையைப் பெயிண்டுக்கு முன்பே அடித்தால் ரோலர் அதன்மேல் ஏறும். கடைசிக் கோட்டுக்குப் பின் அடித்தால் சுத்தியல் தழும்பு சுவரில் நிற்கும்.

புதுப் பூச்சை நீராற்றிய பிறகு ஒரு மாதமாவது உலரவிட்டு மரத்தைத் தொடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஈரச் சுவரில் அடித்த பட்டை சித்திரையில் மூலைக்கு மூலை வாய் பிளக்கும். வேறு வழியில்லை, கிரகப்பிரவேசத் தேதி தையில் வருகிறது என்றால், நிலைப்பட்டையை மட்டும் விழாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் யாரும் கவனிக்கப்போவதில்லை.

சுவருக்கும் பட்டைக்கும் இடையே அடைக்க அக்ரிலிக் சீலண்ட். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. சிலிகானைப் பூசிவிட்டால் சுரண்டி எடுக்காமல் வேறு வழி கிடையாது. கொட்டேஷனிலேயே "அக்ரிலிக்" என்று எழுதுங்கள்.

மொத்தத் தொகையில் 10 சதவீதத்தை நான்கு வாரம் நிறுத்திவையுங்கள், இதையும் தொடக்கத்திலேயே எழுத்தில். அந்த நான்கு வாரத்தில் ஏசி ஓடட்டும், தரையைத் துடையுங்கள், கதவுகளைச் சாத்தித் திறந்து பழகுங்கள். பிறகு இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு மூலையையும் இணைப்பையும் பாருங்கள். பகலில் மறையும் மேடுபள்ளம் அந்த வெளிச்சத்தில் நிழலாக விழும். விழுந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஆளை வரச்சொல்லிச் சரிசெய்தபின் மீதியைக் கொடுங்கள்.